மழை ஜன்னல்

அண்ணி இந்த வீட்டுக்கு வந்த புதிதில் சின்னுவுக்கும் அவளுக்கும் பேச்சே கிடையாது. சண்டை ஒன்றும் இல்லை. வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடும் என்பது போல அண்ணி இருப்பாள். கம்ப்யூட்டரை விட்டு எழுந்தால் உலகமே நின்றுவிடும் என்பது போல சின்னு இருப்பாள். இருவருக்கும் சேர்த்து அம்மா ஒருத்தியே பேசிக்கொண்டிருந்தாள்.

சின்னு என்பது வீட்டில் வைத்த செல்லப்பெயர். கடைக்குட்டி, ஆளும் குள்ளம். முப்பதை நெருங்கியும் அந்தப் பெயர் அவளை விடவில்லை. ஆன்லைன் கேம் தயாரிக்கிற ஒரு கம்பெனியில் அவளுக்கு வேலை. அந்த விளையாட்டுக்குள் ஒவ்வொருவருக்கும் ஒரு வீடு உண்டு. அந்த வீடுகளில் போடுகிற மேசை, நாற்காலி, திரைச்சீலை, பூந்தொட்டியெல்லாம் வரைந்து உருவம் கொடுப்பது அவள் பிரிவின் வேலை. அண்ணன் லிஃப்ட் மெக்கானிக். "நானாவது இருக்கற மாடிக்கு ஆளை ஏத்தறேன். நீ இல்லாத வீட்டுக்கு நாற்காலி போட்டுக்கிட்டிருக்கே" என்று கிண்டல் செய்வான்.

ஒருநாள் மடித்த துணிகளோடு அறைக்குள் வந்த அண்ணி, சின்னுவின் முதுகுக்குப் பின்னால் நின்றுவிட்டாள்.

"அந்த அலமாரி நீ செஞ்சதா?"

"ஆமா அண்ணி."

"கதவோட கீல் தலைகீழா இருக்கே."

சின்னு உற்றுப் பார்த்தாள். தலைகீழாகத்தான் இருந்தது. இரண்டு பேரும் ஒரே நேரத்தில் சிரித்துவிட்டார்கள். அண்ணிக்கு மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை. லென்ஸை வட்டமாகத் தேய்த்து ஃப்ரேமுக்குள் உட்கார வைப்பவள். சின்னச் சின்ன திருகாணியோடு பகலெல்லாம் மல்லுக்கட்டுகிற கண்ணுக்குக் கீல் தப்புமா? அந்த வாரமே அவளும் விளையாட்டுக்குள் வந்துவிட்டாள். மாதச் சந்தாவை அண்ணன் கட்டுகிறேன் என்றதற்கு ஒப்புக்கொள்ளவில்லை. "என் சம்பளத்துல எனக்குன்னு இது ஒண்ணு இருக்கட்டும்" என்றாள்.

அம்மாவுக்குத்தான் பொறுக்கவில்லை. "மாசா மாசம் காசு கட்டி உள்ள போய், காட்டுல மரம் வெட்டி, நாற்காலி செய்யறாளாம். அதுல உக்கார முடியுமா? ஒரு துணியாவது காயப் போட முடியுமா?"

அந்த விளையாட்டில் வீட்டு அலங்காரப் பொருட்கள் இரண்டு வகை. ஒன்று, கைவேலைப் பொருள். ஆற்றங்கரையில் மணல் அள்ளி, மலையில் தாது தோண்டி, செய்முறை கற்று, நாமே செய்துகொள்வது. இன்னொன்று கடைப் பொருள். சந்தாவுக்கு மேலே நிஜப் பணம் கொடுத்து வாங்கினால், அடுத்த நொடி வீட்டில் வந்து நிற்கும். வருஷத்துக்கு வருஷம் கடைப் பொருளின் அழகு கூடிக்கொண்டே போனது. கைவேலைப் பொருளாக வருவதோ அதே பழுப்பு மேசையும் அதே பழுப்புப் பெட்டியும்தான். சினிமாவுக்கு டிக்கெட் எடுத்து உட்கார்ந்த பிறகு கடைசிக் காட்சிக்குத் தனி டிக்கெட் கேட்பது போல இருக்கிறதே என்று விளையாடுகிறவர்கள் பொருமினார்கள். அண்ணி பொருமவில்லை. அந்தக் கடைப் பக்கம் எட்டிப் பார்த்ததும் இல்லை.

"செய்யறதுக்குத்தானே நான் வர்றேன். வாங்கணும்னா வெளியில இத்தனை கடைத்தெரு இருக்கே" என்றாள் ஒருமுறை.

மழை ஜன்னலை அவள் கண்டுபிடித்தது இப்படித்தான். கண்ணாடிக் குப்பிகள் அடுக்கிய சின்ன அலமாரி ஒன்று கைவேலைப் பொருளில் உண்டு. அதைத் திருப்பிச் சுவருக்குள் தள்ளினால் மரமெல்லாம் சுவருக்குள் மறைந்து, குப்பிகளின் முகம் மட்டும் வெளியே தெரியும். அப்படிப் பலவற்றை நெருக்கி வைத்தால் ஒரு பெரிய கண்ணாடிப் பரப்பு. அதற்குப் பின்னால் தோட்டத்து நீரூற்று ஒன்றைப் பாதி புதைத்து, நீர் விழுகிற பகுதி மட்டும் தெரிகிற மாதிரி நிறுத்தி, அடியில் ஒரு நீல விளக்கு. உள்ளே உட்கார்ந்து பார்த்தால் வெளியே மழை பெய்து ஜன்னலில் வழிகிற மாதிரியே இருந்தது. பொருட்களைச் சுவருக்குள் தள்ள முடியும் என்பதே விளையாட்டில் இருந்த ஒரு சின்ன ஓட்டை. கம்பெனி அதைக் கண்டும் காணாமலும் விட்டிருந்தது.

அதைச் செய்து முடிக்கிற வரை வீடு அல்லோலகல்லோலப்பட்டது. அண்ணி கூடத்தில், சின்னு தன் அறையில். நடுவில் சுவர்.

"சின்னு, இப்ப சரியா இருக்கா பாருடி!"

"இடப்பக்கம் ஒரு குப்பி துருத்திக்கிட்டு நிக்குது அண்ணி!"

"எது? மேல இருக்கறதா?"

"அதுக்குக் கீழ!"

அம்மா அடுப்படியிலிருந்து கத்துவாள்: "ரெண்டு பேரும் ஒரே அறையில உக்காந்து தொலைங்களேன்! என் காது போகுது!"

ஜன்னல் பேர் வாங்கிவிட்டது. ஒருத்தர் பார்த்து இன்னொருத்தரிடம் சொல்ல, தங்கள் வீட்டிலும் வைத்துத் தரும்படி ஆட்கள் வரிசையில் நின்றார்கள். அண்ணி வீடு வீடாகப் போய்ப் பொருத்திக் கொடுத்தாள். கூலி கேட்க மாட்டாள். மணலோ பிசினோ அவர்களாகக் கொடுத்தால் வாங்கிக்கொள்வாள். 'ஜன்னலக்கா' என்று அவளுக்கு ஒரு பட்டமும் வந்தது. முதலில் தட்டச்சு செய்தே பேசியவள் பிறகு ஹெட்ஃபோன் மாட்டிக்கொண்டு பேச ஆரம்பித்தாள். யாரோ ஒருத்தியின் வீட்டில் நீரூற்று தலைகீழாகப் போய்க் கூரையிலிருந்து கொட்டியபோது அவள் சிரித்த சிரிப்பில், ஷூ கழற்றிக்கொண்டிருந்த அண்ணன் திகைத்து நின்றான். "இவளுக்கு இப்படிச் சிரிக்கத் தெரியுமா? என்கிட்ட சொல்லவே இல்லையே" என்றான் தங்கையிடம்.

இதற்கிடையில் சின்னுவின் அலுவலகத்தில் காற்று மாறியிருந்தது. கடையில் விற்பனை படுத்துவிட்டது. ஆளுக்கொரு யோசனையோடு வரும்படி பிரிவுத் தலைவர் சொன்னார். சின்னு கொண்டுபோன முதல் யோசனை தள்ளுபடியானது. இரண்டாவதைத் தலைவர் முழுதாகக் கேட்கவும் இல்லை. பக்கத்து மேசைக்காரனை வேலையிலிருந்து அனுப்பியிருந்த சமயம் அது. மூன்றாவது கூட்டத்துக்கு அவள் வெறுங்கையோடு போய் உட்கார்ந்தாள். தன் முறை வந்ததும், என்ன செய்கிறோம் என்று யோசிப்பதற்குள், விளையாட்டில் அண்ணி வீட்டு மழை ஜன்னலை எடுத்திருந்த படத்தைத் திரையில் போட்டுவிட்டாள்.

"ஜனங்க இதுக்காக அலையறாங்க சார். இதுக்கு ஒரு செய்முறை கொடுத்தா கைவேலை செய்யறவங்க எல்லாரும் சந்தோஷப்படுவாங்க."

தலைவர் நாற்காலியில் நிமிர்ந்தார். "இது யார் யோசனை?"

ஒரு பெயர் சொல்லியிருக்கலாம். என் அண்ணி என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் குடும்பக் கதையாகிவிடும், சிரிப்பார்கள் என்று தோன்றியது.

"நம்ம கேம் ஆடறவங்க... பொதுவா இப்படிச் செய்யறாங்க" என்றாள்.

"இவ்வளவு மெனக்கெடறாங்கன்னா காசு கொடுத்தும் வாங்குவாங்க. கடைக்குப் போடுவோம்."

"செய்முறையா கொடுத்தா..."

"இந்த வருஷச் செய்முறையெல்லாம் முடிவாயிடுச்சு. நீயே செய். நல்லா வரும்."

புரோகிராமர் ஒருவர் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, "பொருள் சுவருக்குள்ள போகுதே. இதனாலதான் அந்தப் பக்கத்து சர்வர் அடிக்கடி விழுது. ஜன்னல் வர்ற அதே அப்டேட்ல இந்த ஓட்டையையும் அடைச்சிடறேன்" என்றார். வேண்டாம், அதை அப்படியே விடுங்கள் என்று சின்னு சொன்னாள். ஏன் என்று கேட்டார். அவள் அவசரமாகப் படத்தைத் திரையிலிருந்து எடுத்துவிட்டாள்.

இதில் அவளே தன்னை மன்னிக்க முடியாத விஷயம் ஒன்று உண்டு. அந்த ஜன்னலைச் செய்யும்போது அவள் சந்தோஷமாக இருந்தாள். பஸ்ஸில் வரும்போது கண்ணாடியில் துளிகள் இறங்குவதைப் பார்த்துக்கொண்டே வருவாள். ஒரு துளி தயங்கி நின்று, பக்கத்துத் துளியோடு சேர்ந்ததும் கனம் தாங்காமல் சரேலென்று ஓடுகிறதல்லவா, அதை அப்படியே கொண்டுவந்தாள். குப்பி முகங்கள் இல்லை, நீல விளக்கு தேவையில்லை, ஒரே பொருள், சொட்டுச் சொட்டாகச் சத்தம்கூட உண்டு. தலைவர் எல்லார் முன்னாலும் தோளில் தட்டினார். வேலை போய்விடும் என்ற பயமும் போனது.

வெளியாவதற்கு முன் யாரிடமும் வாய் திறக்கக்கூடாது என்பது கம்பெனிச் சட்டம். அந்தச் சட்டத்தைப் போர்வை மாதிரி இழுத்துப் போர்த்திக்கொண்டாள். இத்தனைக்கும் அதற்கு முன் எத்தனையோ ரகசியங்களைச் சாப்பாட்டு மேசையில் உளறிக் கொட்டியவள்தான். இந்த ஒன்று மட்டும் வெளியே வரவில்லை. சொல்லிவிடலாம் என்று கூடத்துக்கு வருவாள். அண்ணி ஹெட்ஃபோனை ஒரு காதிலிருந்து நகர்த்தி, "என்னடி?" என்பாள். "ஒண்ணுமில்ல அண்ணி, தண்ணி குடிக்க வந்தேன்." அந்த நாட்களில் சின்னு நிறையத் தண்ணீர் குடித்தாள்.

அப்டேட் வந்த நாள் அண்ணிக்கு வார விடுமுறை. மதியத்துக்கு முன்னாலேயே சின்னுவின் கைபேசி அடித்தது.

"சின்னு, என் வீட்ல என்னமோ ஆயிடுச்சுடி. அலமாரியெல்லாம் சுவரை விட்டு வெளிய வந்து தரையில கிடக்கு. நீரூற்று கூடத்து நடுவுல ஓடுது. நான் எதையாவது தப்பா அழுத்திட்டேனா?"

சின்னு ஆபீஸ் மாடிப்படிக்குப் போய் நின்றுகொண்டாள். "அப்டேட் அண்ணி. அதனால இருக்கும்."

"திரும்பத் தள்ளினாலும் உள்ள போகமாட்டேங்குது. மத்தவங்க வீட்லயும் இப்படித்தானாம். எல்லாரும் என்னைக் கூப்பிட்டுக்கிட்டே இருக்காங்க. நீ அங்க யாரையாவது கேட்டுச் சொல்றியா?"

"கேக்கறேன் அண்ணி."

யாரைக் கேட்பது? உள்ளே போனாள். கடையில் மழை ஜன்னல் சுடச்சுட விற்றுக்கொண்டிருந்தது. யாரோ இனிப்புப் பெட்டியை நீட்டினார்கள். ஒன்றை எடுத்து வாயில் போட்டுக்கொண்டாள்.

சாயங்காலம் வீட்டுக்குப் போனபோது அண்ணி காலையில் கட்டிய தலையோடு அப்படியே திரைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தாள். முகம் வாடியிருந்தது. ஆனால் குரலில் கோபம் இல்லை.

"வாடி, இதைப் பாரு. கடையில போட்டிருக்காங்க. ஒரு பொண்ணு வாங்கி வச்சிட்டா, அவ வீட்ல போய்ப் பாத்தேன். துளி துளியோட சேர்ந்து ஓடுதுடி. என்னால இதெல்லாம் வராது. யார் செஞ்சாங்களோ, நல்லாத்தான் செஞ்சிருக்காங்க."

சின்னு பையைத் தோளிலிருந்து இறக்கவில்லை. "நான்தான் அண்ணி."

அண்ணி திரும்பிப் பார்த்தாள்.

"நீயா?"

"ஆபீஸ்ல யோசனை கேட்டாங்க. செய்முறையாதான் கேட்டேன் நான். அவங்க கடையில போட்டுட்டாங்க. நான் சொல்லிப் பாத்தேன்..."

"சுவருக்குள்ள தள்ள முடியாம ஆனது?"

"அதுவும்தான். உங்க ஜன்னலோட படத்தை நான் காட்டினேன், அதைப் பாத்துத்தான் கண்டுபிடிச்சாங்க."

"உனக்கு முன்னாடியே தெரியும்."

"தெரியும்."

அண்ணி திரையை அணைக்கவில்லை. யாரோ ஒருத்தர் வீட்டின் தரையில் குப்பி அலமாரிகள் சிதறிக் கிடந்தன. நடுவில் நீரூற்று விடாமல் ஓடிக்கொண்டிருந்தது.

"செஞ்சதுக்கு நான் ஒண்ணும் சொல்லலை. உன் வேலை அது. சொல்லியிருந்தியானா, நானே எல்லார் வீட்டுக்கும் போய்ப் பத்திரமா கழட்டி வச்சிருப்பேன். காலையிலேர்ந்து ஒவ்வொருத்தர்கிட்டயும் என் தப்புன்னு மன்னிப்பு கேட்டுக்கிட்டிருக்கேன். நான் சரியா பொருத்தலை, அதான் விழுந்துடுச்சுன்னு. ஒருத்தி திட்டக்கூட செஞ்சா."

சின்னுவுக்கு அழுகை முட்டியது. அழுதால் அண்ணி சமாதானம் செய்ய வேண்டியிருக்கும். அது இன்னும் கேவலம் என்று தோன்றியதால் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள். அம்மா உள்ளேயிருந்து சாப்பிடக் கூப்பிட்டாள். அண்ணி எழுந்து போய்த் தட்டுகளை எடுத்து வைத்தாள்.

அடுத்த வாரம் சின்னு செய்த காரியம்தான் சுத்தமாகக் காரியத்தைக் கெடுத்தது. ஊழியர்களுக்குக் கடைப் பொருள் ஒன்று இலவசம். மழை ஜன்னலை எடுத்து அண்ணியின் கணக்குக்கு அன்பளிப்பாக அனுப்பிவிட்டாள். அனுப்பும்போது அது நல்ல யோசனையாகவே இருந்தது. அண்ணி, "வந்துச்சு. நன்றி" என்றாள். ஒருநாள் சின்னு விளையாட்டுக்குள் அவள் வீட்டுக்குப் போய்ப் பார்த்தாள். பழைய குப்பி அலமாரிகளையெல்லாம் ஒழுங்காக ஒரு மூலையில் அடுக்கியிருந்தாள். அன்பளிப்பு ஜன்னலையும் மாட்டியிருந்தாள், மரியாதைக்கு, மாடிப்படிக்குப் பின்னால். அதன் எதிரே உட்கார ஒரு நாற்காலி இல்லை.

ஜன்னலக்காவை யாரும் கூப்பிடவில்லை. கூப்பிட என்ன இருக்கிறது? வேண்டியவர்கள் வாங்கிக்கொண்டார்கள். ஒரு மாதம் அண்ணி எப்போதாவது உள்ளே போனாள். அடுத்த மாதம் சந்தா கட்டவில்லை. அதை அவள் யாரிடமும் சொல்லவில்லை. விளையாட்டுக்குள் அந்த வீடு காலி என்று காட்டியதைப் பார்த்துத்தான் சின்னுவுக்குத் தெரிந்தது.

"உங்களுக்குள்ள என்ன சண்டை?" என்று அண்ணன் கேட்டான்.

"சண்டையெல்லாம் இல்ல."

"அப்புறம் ஏன் வீடு ஆஸ்பத்திரி மாதிரி இருக்கு?"

உண்மையிலேயே சண்டை இல்லை. அண்ணி முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை. சின்னு தாமதமாக வந்தால் சாப்பாட்டை மூடி வைத்தாள். காய்ச்சல் வந்தபோது மாத்திரை கொண்டுவந்து கொடுத்தாள். பேச்சில் ஒன்று மட்டும் காணாமல் போயிருந்தது. 'வாடி' போய் 'வா' ஆகியிருந்தது. 'பாருடி' போய் 'பாரு' ஆகியிருந்தது. வேறு யாருக்கும் அது காதில் விழுந்திருக்காது. சின்னு ஒவ்வொரு தடவையும் அந்த ஒற்றை எழுத்துக்காகக் காத்திருந்து ஏமாந்தாள்.

அலுவலகத்தில் அவள் மெல்ல முரண்டு பிடிக்கிறவளாக மாறினாள். கூட்டத்துக்குக் கூட்டம், கடையில் வருகிற ஒவ்வொரு அலங்காரத்துக்கும் கைவேலையில் ஒரு ஜோடி வேண்டும் என்று வாதாடினாள். சந்தா கட்டுகிறவர்கள் வேடிக்கை பார்க்கவா வருகிறார்கள் என்று ஒருமுறை தலைவரிடமே குரலை உயர்த்திவிட்டாள். மழை ஜன்னலின் விற்பனை ஓய்ந்த பிறகுதான் அவர் இறங்கிவந்தார். மறு வருஷச் செய்முறைகளில் அதையும் சேர்க்க ஒப்புக்கொண்டார். மணல், பிசின், வெள்ளித்தாது, கொஞ்சம் பொறுமை. யார் வேண்டுமானாலும் செய்துகொள்ளலாம்.

அன்று சின்னு பஸ் நிறுத்தத்திலிருந்து கிட்டத்தட்ட ஓடியே வந்தாள். அண்ணி மொட்டைமாடியில் துணி எடுத்துக்கொண்டிருந்தாள்.

"அண்ணி, மழை ஜன்னலுக்குச் செய்முறை வரப்போகுது! இனிமே கடையில வாங்க வேண்டாம். செஞ்சுக்கலாம். இதை நான் முன்னாடியே உங்ககிட்ட சொல்றேன், யாருக்கும் தெரியாது இன்னும்."

கடைசி வாக்கியத்தைச் சொன்ன பிறகுதான் அது எப்படி ஒலிக்கிறது என்று அவளுக்கே உறைத்தது.

அண்ணி ஒரு க்ளிப்பைக் கழற்றிக் கூடையில் போட்டாள். "நல்லதாப் போச்சு. காசில்லாதவங்களுக்கு உபயோகமா இருக்கும்."

"நீங்க திரும்ப வாங்களேன். சந்தா நான் கட்டறேன்."

"வந்து என்ன பண்றது? செய்முறை இருந்தா எல்லாருமே செஞ்சுக்குவாங்களே." குரலில் குத்தல் இல்லை. கடைக்கு வருகிறவரிடம் இந்த ஃப்ரேம் உங்கள் முகத்துக்கு ஒத்துவராது என்று சொல்கிற அதே பதமான குரல்.

சின்னு கொடியைப் பிடித்துக்கொண்டாள். இத்தனை நாளில் செய்முறை, சந்தா, அன்பளிப்பு என்று எதையெல்லாமோ கொண்டுவந்து கொட்டியவள், சொல்ல வேண்டியதை மட்டும் சொல்லவில்லை.

"அண்ணி, நான் அப்பவே சொல்லியிருக்கணும். சட்டம் கிட்டமெல்லாம் சும்மா. பயந்துட்டேன். அவங்க யார் யோசனைன்னு கேட்டப்பவும் உங்க பேரைச் சொல்லலை."

அண்ணி அவளை நிமிர்ந்து பார்த்தாள். அது அவளுக்குத் தெரியாத விஷயம்.

"ஆமா" என்றாள். "சொல்லியிருக்கணும்."

பரவாயில்லை என்ற வார்த்தை பின்னாலேயே வரும் என்று தான் எதிர்பார்த்து நின்றது சின்னுவுக்கு அப்போதுதான் புரிந்தது. அது வரவில்லை. மாடிக்கு மேலே காற்று பலமாக அடித்தது. கொடியில் கடைசியாக ஒரு போர்வை படபடத்துக்கொண்டிருந்தது. அண்ணி அதை உருவி, ஒரு முனையை அவளிடம் நீட்டினாள். இரண்டு பேரும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து உதறினார்கள். நீளவாக்கில் ஒரு மடிப்பு, இன்னொரு மடிப்பு. பிறகு முனையைச் சேர்க்க சின்னு நாலு எட்டு முன்னால் வைத்து அண்ணியின் அருகே போனாள். அண்ணி அவள் கையிலிருந்த முனைகளை வாங்கிக்கொண்டு, மீதியைத் தானே மடித்துக் கூடையில் வைத்தாள்.

"மழை வர மாதிரி இருக்கு, கீழ போகலாம்" என்றாள். கூடையை இடுப்பில் இடுக்கிக்கொண்டு படி இறங்கினாள்.